ஜெர்மனிக்குப் போன படங்கள்

11 பிப்ரவரி 1963

இன்றைய படமும் வீண். கேமராவில் பிலிம் சுருளைத் திருப்ப மறந்துவிட்டேன். நேற்று எடுத்த எருமையின் மேலேயே இன்று மாமியாரை எடுத்து வைத்திருக்கிறேன். கழுவி வந்தால்தான் தெரியும், கொம்பு யாருக்கு முளைத்திருக்கிறது என்று.

மாமியாரிடம் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் எப்படிச் சொல்வது? "ஏம்புள்ள, ஒரு படத்துக்கு எத்தனை நேரம்? கழுத்து நோகுது" என்று நாலு தரம் கேட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு என்ன, சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். பனியன் பின்னுகிற மெஷின் வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஜெர்மனி. புறப்படுவதற்கு முந்தின வாரம் கோயம்புத்தூரிலிருந்து இந்தக் கறுப்புப் பெட்டிக் கேமராவை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "தினம் ஒரு படம் எடு செல்லா. ஊடு, ஊரு, காடு, பாப்பா, அய்யன், அம்மா, எதுவா இருந்தாலும் சரி. நான் இல்லாத நாளெல்லாம் எனக்குக் காணாமப் போயிரக் கூடாது." அன்றைக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அழுதுகூட வைத்தேன்.

இப்போது எழுந்ததும் முதல் கவலை அடுப்பு இல்லை, வெயில்.

14 பிப்ரவரி

மேகம். படம் எடுக்க முடியாது. அப்பாடா.

20 பிப்ரவரி

கேமரா என் கையில் இருக்கிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்வது மட்டும் மற்ற எல்லோரும்.

இவருடைய அண்ணன் மயில்சாமி — நான் மூத்தவர் என்றுதான் சொல்வது — கம்பெனி போர்டு படத்தில் விழுகிற மாதிரி எடுக்கச் சொல்கிறார். "ஜெர்மன்காரன் பாத்தா நம்ம மேல ஒரு மதிப்பு வரோணுமல்ல?" வீட்டுக்குப் பின்னால் நாலு மெஷின் ஓடுகிற ஓட்டுச் சாய்ப்பு, அவ்வளவுதான் கம்பெனி. போர்டை மட்டும் பார்த்தால் பெரிய மில் என்று நினைப்பான். அவர் மனைவி ராமாத்தாக்கா மூன்று பையன்களுக்கும் எண்ணெய் வழிய வழியத் தலை சீவி, உயர வாரியாக நிறுத்தி வைக்கிறாள். ஒருவன் கண்ணை மூடினால் இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம். சுருளுக்கு எட்டுப் படம்தான் என்றால் காதில் ஏறுவதில்லை. என் மகள் பாப்பா ஒருத்திதான் எதுவும் கேட்பதில்லை. நான் அமுக்கும் நேரம் பார்த்து ஓடிவிடுகிறாள்.

மாமனார் வேறு ரகம். கேமராவைக் கண்டாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். "எனக்கெதுக்கு கண்ணு படம்? நான் எங்கெ போகப் போறேன்?" அதனால் பல படங்களில் ஓரத்தில் அவர் முதுகு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

5 மார்ச்

ஜெர்மனியிலிருந்து கடிதம். நாலு பக்கம். நலம், பனி, ரொட்டி, மெஷின் எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம். மீதி முழுக்க என் படங்களின் குற்றங்கள். வானம் ஏன் சரிந்திருக்கிறது? பாப்பா முகம் ஏன் புகையாக இருக்கிறது? எருமையை ஏன் இத்தனை தரம் எடுத்தாய்?

எருமை நகராது, அதனால்தான். இந்த வீட்டில் சொன்ன இடத்தில் நிற்பது அது ஒன்றுதான்.

கொம்பு முளைத்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயந்திருப்பார்.

கடைசியில் ஒரு உபதேசம்: 'எல்லாரும் வரிசையாக நின்று முறைக்கிற படம் வேண்டாம். இருக்கிறதை இருக்கிறபடி எடு. ஆற்றுக்குப் போ. காட்டுக்குப் போ.' போகலாம். இங்கே பத்துப் பேருக்குச் சோறு யார் ஆக்குவது? அந்த ஊர் வெள்ளைக்காரி வந்து ஆக்குவாளா?

17 மார்ச்

ஆற்றுக்குப் போனேன். தனியாகப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று மாமியார் ஆரம்பித்தார். மாமனார் ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நொய்யலில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடுகிறது. கரை முழுக்க வெளுத்த பனியன் துணியைக் காயப் போட்டிருந்தார்கள். மணலே தெரியவில்லை. கண் கூசியது. கேமராவின் மேல் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரிவதால் நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் ஆறு அந்தப் பக்கம் போகிறது. வெயிலில் கண்ணாடியும் தெரியவில்லை. மாமனார் என் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் துணி காயப்போடுகிற ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தர் வந்து, "ஏனுங்க, சர்க்கார்ல இருந்து அளக்க வந்திருக்கீங்களா? ஆத்தங்கரையை எடுத்துக்கப் போறாங்களா?" என்று கேட்டார். இன்னொருத்தர் சினிமாவா என்றார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "என்ற மருமக. என்ற பையனுக்குப் படம் புடிக்கறா. கொஞ்சம் வெலகி நில்லுங்க சாமி, துணி மறைக்குது."

அப்படியே விலகிவிட்டார்கள். இந்த மூன்று மாதத்தில் எனக்காக யாராவது ஒருவரை விலகச் சொன்னது இதுதான் முதல் தரம்.

29 மார்ச்

ஸ்டுடியோ ஆறுமுகசாமி சுருளைக் கழுவிக் கொடுத்தார். ஆற்றுப் படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்து, "இது நல்லா விழுந்திருக்குதுங்க அம்மிணி" என்றார். வீடு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாமியார் வாங்கிப் பார்த்தார். "இதுல ஒரு மனுசரும் இல்லியே. துணியப் புடிக்கவா சுருளு?"

சரி.

6 மே

அவிநாசித் தேர். எல்லோரும் பஸ்ஸில் போனோம். தேரை எடுக்கலாம் என்று பார்த்தால் எனக்கு முன்னால் அத்தனை தலை. எல்லாத் தலையிலும் ஒரு துண்டு. எரிச்சலில் திரும்பினால் மாமனார் பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி தேரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாப்பா அவர் காது இரண்டையும் கடிவாளம் மாதிரிப் பிடித்திருக்கிறது. அமுக்கினேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

தேரை ஏன் எடுக்கவில்லை என்று மூத்தவர் பஸ் வீடு சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

19 மே

மாமனாருக்கு வாதம் அடித்துவிட்டது. காலையில் சாய்ப்பில் நூல் கண்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை வரவில்லை, வலது கால் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை. பாப்பா துண்டைப் பிடித்து இழுத்து "அப்பாரு, எந்திரி, எந்திரி" என்கிறது. ஐயோ, என்னத்தச் சொல்றது அதுகிட்ட.

22 மே

உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். நடப்பதும் பேசுவதும் முருகன் விட்ட வழியாம்.

வேலுமணிக்கு — புருஷன் பேரை எழுதக் கூடாது என்பார்கள். என் நோட்டில் நான் எழுதுவேன் — தந்தி கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் மூத்தவர். "பாதீல வந்தா அவன் ட்ரெய்னிங் போச்சு. ட்ரெய்னிங் முடிச்ச பேப்பர் இல்லீன்னா புது மெஷினுக்கு லைசென்ஸும் போச்சு. வந்துதான் என்ன பண்ணுவான்? கால்மாட்டுல உக்காந்து அழுவான். செய்யறதை நாம செய்யறமல்ல?"

மாமியாரும் தலையாட்டினார். "கடல் தாண்டி இருக்கற புள்ளைக்கு எதுக்குக் கெட்ட சேதி? அய்யன் தேறி எந்திரிச்சறட்டும்."

அதோடு விட்டாரா? பாப்பாவைக் கூப்பிட்டு, அதன் தலையில் என் கையை வைக்கச் சொன்னார் மூத்தவர். "அய்யனுக்குச் சீக்குன்னு ஒரு வரி எழுத மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். வேறென்ன செய்ய? பாப்பா என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது.

4 ஜூன்

இன்றைய படம்: கிளுவை வேலி.

5 ஜூன்

வரிசையாகப் பருத்தி வண்டிகள்.

6 ஜூன்

மறுபடி எருமை. வீட்டுக்குள் நடப்பது எதுவும் விழாத பக்கமாக நின்று எடுக்க எருமைதான் வசதி.

13 ஜூன்

பக்கத்து ஊர் நெருப்பெரிச்சலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீர். போகாமல் இருந்தால் கேள்வி வரும் என்று என்னையும் ராமாத்தாக்காவையும் அனுப்பினார்கள். ஊருக்கு வெளியே உழுது போட்ட காடு, சிவப்பு மண், ஒரே ஒரு வேப்பமரம். எடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று எனக்கே கோபம் வந்தது. இதைப் பார்த்து அவர் அங்கே, ஊரில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்.

நான் பொய் எழுதவில்லை. பொய்யை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

22 ஜூன்

கடிதம். மூத்தவர்தான் பிரித்து, சத்தமாகப் படித்தார். 'மூன்று சுருளாக அய்யன் இல்லையே. முன்பெல்லாம் போகிற முதுகாவது விழும். அய்யனை ஏன் எடுக்கவில்லை?'

உள்ளே கட்டிலில் மாமனாருக்கும் கேட்டிருக்கும்.

மூத்தவர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "எடுத்துட்டாப் போச்சு" என்றார்.

24 ஜூன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இந்தப் பெட்டிக் கேமராவில் வீட்டுக்குள் எடுத்தால் ஒன்றும் விழாது; வெயில் வேண்டும். அதனால் மூத்தவர் தன் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. தினமும் காலையில் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து விடுவது அவர்தான். ஒரு நாள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அதே கையால்தான் நாற்காலியில் உட்கார வைத்து, கோணின வாய் நிழலுக்குள் போகிற மாதிரித் திருப்பி வைத்தார். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். வராத கையை மடியில் எடுத்து வைத்தார்கள். மாமியார் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ராமாத்தாக்கா நாற்காலிக்குப் பின்னால் குந்தியிருந்து, படத்தில் விழாமல் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிங்க அப்பாரு" என்று பையன்களில் ஒருவன் சொன்னான். அவனுக்கு அவன் அம்மா அங்கிருந்தே ஒரு அடி வைத்தாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வருகிற கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குக் கேமராவைக் கீழே போட்டு மிதிக்கலாம் போல் இருந்தது. "வேண்டாங்க மாமா, விட்டுருங்க" என்றேன் மூத்தவரிடம்.

அவர் கேட்கவில்லை. அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் போய், "ஒரே நிமிசமுங்கய்யா. வேலுவுக்கு" என்றார்.

அந்தப் பேரைக் கேட்டதும் கை தானாக இறங்கியது.

அமுக்கினேன். நானும்தான் சேர்ந்து செய்தேன்.

8 ஜூலை

மத்தியானம் ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் கஞ்சியை வாங்காமல் "வே... வே..." என்றார்.

"வேலுவுங்களா மாமா?"

தலையை ஆட்டினார். அலமாரியின் மேலிருந்த கேமராவை இடது கையால் காட்டினார். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டினார், கோணின பக்கத்தை. எடுத்து அனுப்பிவிட்டீர்களே, இந்த வாயோடு என்று திட்டுகிறார் என நினைத்தேன். "மன்னிச்சுக்குங்க மாமா, இனி எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சேலையெல்லாம் கஞ்சி. மறுபடி கேமரா, மறுபடி வாய். கன்னத்தில் பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டார். இதை, இதை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுக்காதே என்று சொல்லவில்லை. இதை எடு என்கிறார்.

"வேலு பாக்கோணுமுங்களா?"

கண் நிறைந்துவிட்டது அவருக்கு. மூக்கைத் துடைத்துவிட்டு, தரையைக் கழுவிவிட்டு, சாய்ப்புக்குப் பின்னால் போய் நான் ஒரு பாட்டம் அழுதேன். கேமராவைக் கண்டால் எழுந்து ஓடுகிற மனுசர்.

எழுத மாட்டேன் என்றுதான் சத்தியம். படம் எழுத்தாகுமா? ஆகாது. ஆகாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

10 ஜூலை

மூத்தவர் நூல் வாங்கக் கோயம்புத்தூர் போனார். மாமியார் கோயிலுக்கு. கட்டிலை வாசற்படி வரை இழுத்தால் முகத்தில் வெயில் விழும். தனியாக இழுக்க முடியவில்லை. ராமாத்தாக்காவிடம் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா புள்ள? அவருக்குத் தெரிஞ்சா என்னையத்தான் மொதல்ல தொலைப்பாரு."

சொல்லிவிட்டு வந்து கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இழுத்து விட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "நான் ஒண்ணும் பாக்கலை."

சட்டை மாற்றவில்லை. தலை சீவவில்லை. கோணல் வாய், ஓரத்தில் எச்சில், மார்பில் கஞ்சித் துணி, கட்டில் சட்டத்தில் தொங்குகிற கை. மாமனார் முகத்தை மூடவில்லை. கேமராவையே பார்த்தார். அது வழியாக அந்தப் பக்கம் யாரோ இருக்கிற மாதிரி.

ஒன்று கலங்கிப்போனாலும் போகும் என்று இரண்டு எடுத்தேன்.

15 ஜூலை

படங்களை வீட்டில் மூத்தவர் பார்த்த பிறகுதான் உறையில் போடுவோம். அதனால் கட்டில் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அனுப்ப வழி உண்டா என்று ஆறுமுகசாமியிடம் கேட்டேன். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்துப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு நாற்காலிப் படத்தைக் கழுவும்போதே எனக்கு மனசு சரியில்லீங்க அம்மிணி. இதை நானே அனுப்பிச்சு உடறேன். விலாசம் மட்டும் சொல்லுங்க."

படத்தின் பின்னால் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

3 ஆகஸ்ட்

கடிதம் வந்தது. வாசலிலேயே வாங்கிப் பிரித்தேன்.

'படங்கள் கிடைத்தன. அனைவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. நெருப்பெரிச்சல் காடு மிக நன்றாக விழுந்திருக்கிறது. வேப்பமரத்தை நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்தது புத்திசாலித்தனம்.'

வேப்பமரமா? வேப்பமரமா இப்ப முக்கியம்?

அந்தப் படம் போய்ச் சேரவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

6 ஆகஸ்ட்

ஆறுமுகசாமியைக் கேட்டேன். தபால் ஆபீசில் அவரே கொடுத்தாராம். இரண்டாவது படத்தையும் அனுப்பச் சொன்னேன்.

தினமும் மாமனார் என் முகத்தைப் பார்க்கிறார். "வந்துட்டிருக்குதுங்க மாமா, பதில் வரும்" என்கிறேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கட்டிலில் தலையைத் தூக்குகிறார்.

30 ஆகஸ்ட்

கடிதம். புது மெஷினில் ஊசி மாற்றும் விதம். அங்கே இலையெல்லாம் நிறம் மாற ஆரம்பித்துவிட்டதாம். பாப்பாவுக்கு முத்தம்.

வேறொன்றும் இல்லை.

இரண்டு படமா தொலையும்? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமியார் கத்தினார். கத்தட்டும்.

18 செப்டம்பர்

விடியக்காலை மாமனார் போய்விட்டார். தூக்கத்திலேயே. மூத்தவர்தான் குளிப்பாட்டப் போய்ப் பார்த்தார். சத்தமே போடாமல், துண்டை நனைத்து, வழக்கம்போல் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்.

உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்தார்கள். "தெனமும் படம் புடிக்கற மருமக எங்கெ? கடைசியா ஒண்ணு புடிக்கச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஸ்டுடியோவிலிருந்து ஆறுமுகசாமி வந்து எடுத்தார்.

மாமனாரைக் காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடித்து ஆண்கள் திரும்பி வந்து குளித்தார்கள். மூத்தவர் தலை துவட்டிக்கொண்டே என்னையும் மாமியாரையும் பார்த்துச் சொன்னார்: "இன்னும் கொஞ்ச மாசம்தான். அவன் முடிச்சுட்டுக் கப்பலேறட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ. "தந்தி நான் குடுத்தாச்சுங்க" என்றேன்.

அத்தனை பேருக்கும் முன்னால்.

காலையிலேயே போய்விட்டேன், உறம்பரை வருவதற்கு முன்னால். தந்தி ஆபீஸ் குமாஸ்தா இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன், எழுதிவிட்டேன். இன்று முழுக்கப் பாப்பா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுடுகிறதா என்று.

மூத்தவர் ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். அடிக்க வருவார் என்று நினைத்தேன். சுவரோரமாக உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு" என்றார். "எனக்கும் முடியலை." பிறகு குழந்தை மாதிரி அழுதார்.

மாமியார் மட்டும், "வருவானா? வேலு வருவானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

23 செப்டம்பர்

பதில் தந்தி. வர இயலாது. கப்பலில் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். டிசம்பரில் வருகிறார்.

கேமராவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

2 அக்டோபர்

எடுக்காமல் இருக்க முடியவில்லை. இதென்ன சனியன். காலையில் சாய்ப்புக் கூரை மேல் வெயில் இறங்குவதைப் பார்த்ததும் கை தானாகப் பெட்டிக்குப் போகிறது. இன்று கட்டில் இருந்த இடத்தை எடுத்தேன். ஒன்றுமில்லை அங்கே. வாசற்படியும் தரையும்தான். இதை அவருக்கு அனுப்பப் போவதில்லை.

16 டிசம்பர்

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். பாப்பா அவரைக் கண்டு என் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. மாமியார் கட்டிப் பிடித்து அழுதார். மூத்தவரும் இவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டார்கள், மெஷின் எப்போது வரும், துறைமுகத்தில் எத்தனை நாள் ஆகும் என்று.

நான் சோறு போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

18 டிசம்பர்

கேட்டுவிட்டேன்.

மத்தியானம் பெட்டியைப் பிரித்துத் துணிமணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் நான் அனுப்பிய படங்கள் எல்லாம், ஒன்றுகூட விடாமல். நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கட்டில் படம் இருந்தது. இரண்டும் இருந்தன. ஓரமெல்லாம் மடங்கி, விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

படத்தை அவர் முன்னால் நீட்டினேன். "பாத்துட்டா வேப்பமரத்தைப் பத்தி எழுதுனீங்க?"

அவர் டின்னை மூடினார், திறந்தார். "அதுக்கு முன்னாலயே தெரியும் செல்லா. நாற்காலில உக்கார வெச்சு எடுத்தீங்களே, அப்பவே. அய்யன் நாற்காலில உக்காந்து நாம எங்கெ பாத்திருக்கோம்? கீழதான உக்காருவாரு. அன்னைக்கு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டேன். கேட்டா நீங்க சொல்லிப் போடுவீங்க. சொன்னா நான் கெளம்பி வந்தாகோணும். வந்தா எல்லாம் போச்சு. நீங்க மறைக்கற வரைக்கும் எனக்கும் தெரியாத மாதிரி இருந்துக்கலாம்னு..."

"அப்பறம் கட்டில் படம் வந்துச்சல்ல?"

"உன்ற மேல கோபமா வந்துச்சு. எதுக்கு இவ இதை அனுப்பறான்னு. என்னையக் கூப்புடறியா, இல்ல தண்டிக்கறியான்னு தெரியலை."

"நானா அனுப்பலீங்க" என்றேன். "உங்கய்யன்தான் எடுக்கச் சொன்னாரு. கன்னத்துல அடிச்சு அடிச்சுக் காட்டுனாரு. இதை எடு, வேலு பாக்கட்டும்னு. தபால்காரர் மணி அடிச்சாப் போதும், தலையத் தூக்குவாரு. போற அன்னைக்கு முந்தின நாள் வரைக்கும்."

அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை. சொல்ல வேண்டியதுதான்.

டின்னைக் கீழே வைத்துவிட்டு, "எங்கெ படுத்திருந்தாரு?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்கிறவரை அங்கேயே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். சோற்றைத் தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்து, "ஆறிப் போச்சுன்னா நான் மறுபடி சுட வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பிட்டிருந்தார்.

2 ஜனவரி 1964

அண்ணனும் தம்பியும் சாய்ப்பில் சத்தம் போட்டுக்கொண்டார்கள். 'நீ ஏன் சொல்லலை', 'நீ ஏன் கேக்கலை'. ரொம்ப நேரம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பழைய மெஷின் ஒன்றைக் கழற்றிப் புது மெஷினுக்கு இடம் பண்ணினார்கள். இவர்களோடு எப்படித்தான் காலம் தள்ளுவதோ.

19 ஜனவரி

காலை வெயில் நன்றாக இருந்தது. மாமியார் வாசலில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாப்பா பொறுக்கிப் போட்ட கல்லை மறுபடி பருப்பிலேயே போட்டுக்கொண்டிருந்தது. மாமியார் கவனிக்கவில்லை. கேமராவை எடுத்து வந்து நின்றேன்.

இவர் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னுமா தெனம் எடுக்கறே? நான்தான் வந்துட்டேனே."

"உங்களுக்கில்லீங்க" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். பருப்பு முறத்தின் மேல் கறுப்பாக ஒன்று விழுந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நெழல் விழுகுது."

தள்ளி நின்றார். எடுத்தேன்.